சாய்ந்த ஏரி

அலுவலகத்தில் அவளுக்குத் தசமம் என்று பெயர். புள்ளிக்கு வலப்பக்கம் வரும் மூன்றாவது எண்ணுக்குக்கூட மல்லுக்கு நிற்பவள். அப்பேர்ப்பட்டவளின் கணக்கிலேயே அன்று ஒரு பிழை வந்து நின்றது.

“பாறைப் பக்கக் கரையில தண்ணி பதினோரு சென்டிமீட்டர் தாழ்வா இருக்குன்னு உங்க கணக்கு சொல்லுது,” என்றார் கால்வாய் இன்ஜினியர். “காத்தே இல்லாத காலையில அளந்தது. சாஞ்ச ஏரியை எங்கேயாவது பாத்திருக்கீங்களாம்மா?”

“இல்ல சார்.”

“ஏரியிலேயே தப்புன்னா, அதுக்கு அப்பால கால்வாய் போற நாப்பது கிலோமீட்டரை எப்படி நம்புறது? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் பழையபடி மட்டம் பாக்குற ஆளுங்கதான். அதுக்கு எட்டு மாசம். கால்வாய் போய்ச் சேர்ற ஊருக்கு இன்னொரு கோடையும் லாரித் தண்ணிதான்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கால்வாய் ஓடப்போவது கிலோமீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் சரிவில். செயற்கைக்கோளை வைத்து அளக்கும் உயரமோ, வழுவழுப்பான ஒரு கற்பனை உருண்டையிலிருந்து எண்ணப்படுவது. தண்ணீர் அந்த உருண்டையைக் கண்டதா என்ன? ஈர்ப்பு சொல்வதைத்தான் அது கேட்கும். மலை இருக்கும் பக்கம் கொஞ்சம் உயரும், அடியில் பாரம் குறைந்த இடத்தில் கொஞ்சம் தாழும். அப்படி அசையாமல் நிற்கும் தண்ணீர்ப் பரப்பை நிலத்துக்கு அடியிலும் நீட்டிப் பார்த்தால், அதுதான் ஜியாய்டு. செயற்கைக்கோள் உயரத்திலிருந்து அதைக் கழித்தால்தான் தண்ணீர் மதிக்கும் உயரம் கிடைக்கும். அந்த வட்டாரத்துக்கு அதைக் கணித்துக் கொடுத்தவள் அவள்.

வேலை, மெத்தை விரிப்பை நீவுவது போலத்தான். தலையணைகள் கிடந்தால் நீவ முடியாது. எனவே அளந்த ஈர்ப்பிலிருந்து பூமியின் பெரிய வடிவத்தால் வருவதையும் மலைகளால் வருவதையும் முதலில் கழித்துவிட வேண்டும். மிஞ்சும் சின்னச் சின்ன வேறுபாடுகளை அளக்காத இடங்களுக்கும் பரப்பிவிட்டு, கழித்த இரண்டையும் திரும்பச் சேர்க்க வேண்டும். மூன்று படிகளையும் நான்கு தடவை சரிபார்த்துவிட்டாள். பிழை அகப்படவில்லை.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் தங்கையிடம் புலம்பினாள். தங்கை அந்த ஏரியில் பயணிகள் படகு ஓட்டுபவள்.

“ஏரி சாஞ்சா நல்லதுதானேக்கா. போகும்போது வழுக்கிட்டே போயிடுவேன், டீசல் மிச்சம்.”

“உனக்கு எல்லாமே கிண்டல்.”

“கிண்டல் பண்ற நிலைமையிலயா இருக்கேன்? இன்னிக்குப் பாறைப் பக்கத்துல இன்ஜின் நின்னுபோச்சு. நங்கூரத்தை விட்டா, எண்பது மீட்டர் கயிறும் போயும் தரை தட்டல.”

அக்காவின் கை தட்டிலேயே நின்றது. “அங்க எவ்வளவு ஆழம்?”

“படகுல ஆழம் பாக்குற கருவியில நூத்தித் தொண்ணூறு மீட்டர் காட்டும். நம்ம பக்கம் பத்துகூட வராது.”

அவளுடைய மலை வரைபடம் மேலிருந்து எடுத்தது. மேலிருந்து பார்த்தால் ஏரி ஒரு சமதளம், அவ்வளவுதான். கணக்கு அதற்கு அடியில் இருப்பதெல்லாம் பாறை என்று எடுத்துக்கொண்டிருந்தது. தண்ணீரோ பாறையின் எடையில் பாதிகூட வராது. இல்லாத அந்தப் பாரம் ஆழமான பக்கத்தில் ஜியாய்டை ஏற்றிவிட, அதைக் கழித்ததும் அங்கே தண்ணீர் தாழ்ந்ததாக வந்துவிட்டது. ஏரி நடுவே யாரும் ஈர்ப்பு அளக்கவில்லை. அளந்திருந்தால் அந்த எண்ணாவது முறைத்துப் பார்த்திருக்கும்.

“ஏரியைப் பாறையால ரொப்பி வச்சிருக்கேன்டி.”

“சரியாப் போச்சு. மொதல்ல சாச்சே, இப்ப மூடிட்டே. நான் எங்க போய்ப் படகு ஓட்டுறது?”

“அந்தக் கருவி பழைய ஆழத்தையெல்லாம் ஞாபகம் வச்சிருக்குமா?”

“மூணு வருஷமா போன வந்த தடம் பூரா அதுலதான் இருக்கு. காலையில வா, எடுத்துத் தர்றேன்.”

வெள்ளிக்கிழமை புதுக் கணக்கை இன்ஜினியர் மேசையில் விரித்தாள். தன் தவறையும் ஒளிக்காமல் சொன்னாள். இப்போது இரு கரைகளுக்கும் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்.

“அந்த ரெண்டு?”

“கரையில அளக்கும்போதே அவ்வளவு முன்னப்பின்ன வரும் சார். அதையும் இல்லைன்னு சொன்னா பொய்யாயிடும்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு போனை எடுத்தார்.

“மட்டம் பாக்குற ஆளுங்க வேணாம்ப்பா,” என்றார் மேஸ்திரியிடம். “திங்கக்கிழமை பாறைப் பக்கம் மதகுக்கு முளை அடிக்கணும். உயரத்தை அம்மா சொல்வாங்க, எழுதிக்கோ.”

போன் அவள் பக்கம் நீண்டது.