எபனேசர் கட்டிய கர்னல்

முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பென்டிரைவை முத்துசெல்வி அவிழ்த்து, எபனேசரின் கம்ப்யூட்டர் கடை மேஜையில் வைத்தாள்.

“வக்கீல் குடுத்தாரு அண்ணாச்சி. அந்தப் பெட்டியில எல்லாம் பதிஞ்சிருக்கும்னு சொல்லுதாவ. எங்க வீட்டுக்காரரு தூங்கலன்னு பாத்துச் சொல்லுங்க.”

அவள் புருஷன் பேச்சிமுத்து குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் காவலாளி. பின்பக்கத்து ஓடையில் தண்ணீர் ஏறினால் அவன் அறையில் மணி அடிக்கும். அவன் ஓடிப்போய்க் குளிப்பவர்களைக் கரையேற்ற வேண்டும். போன வாரம் வெள்ளம் ஒரு சின்னப் பெண்ணை அடித்துக்கொண்டு போய்விட்டது. மணி அடித்தது, அவன்தான் தூங்கிவிட்டான் என்று லாட்ஜில் கைகாட்ட, பேச்சிமுத்து உள்ளே இருக்கிறான்.

தண்ணீர் ஏறியதும் மணியை அடிக்கும் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் பெட்டியைச் செய்தவன் எபனேசர். கண்டதையும் செருகி யாரும் அதைக் கெடுக்கக் கூடாது என்று லாட்ஜ் மேனேஜர் சொல்லியிருந்தார். பெட்டிக்குள் ஓடும் லினக்ஸில், செருகும் ஒவ்வொரு கருவியையும் இயக்கும் டிரைவர் என்ற நிரலைத் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம். எபனேசர் அந்த வழியையே அடைத்தான். அந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்களை மட்டும் பார்த்து எடுத்து, லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனான். எல்லாம் தானாக நடக்கும்போது மனுஷனுக்கு வேறென்ன வேலை? ஆனால் தண்ணீர்மட்டம் பார்க்கும் சென்சார் அப்போது அவன் மேஜையில் இல்லை. அதை முன்கூட்டியே குற்றாலத்தில் பதித்தாயிற்று; அதனால் அதன் டிரைவர் மட்டும் கர்னலுக்குள் சேரவில்லை. பெட்டியைக் கொண்டுபோய் மாட்டியது சித்திரை வெயிலில். சோதனைப் பொத்தானை அமுக்கினால் மணி அடித்தது. ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. திரை பூஜ்யம் காட்டியது. சரிதானே என்று திரும்பி வந்துவிட்டான்.

இப்போது பென்டிரைவில் இருந்த பெட்டியின் பதிவைத் திறந்தான். பெட்டி இயங்கத் தொடங்கிய ஒவ்வொரு தடவையும் ஒரே வரி: சென்சார் இல்லை. இடி விழுந்து பெட்டி கெட்டுவிட்டது என்று சொன்னால் மறுத்துப் பேச இந்த ஊரில் ஆள் இல்லை. அப்படி நினைப்பு வந்ததே அவனுக்குக் கேவலமாக இருந்தது.

“அவரு தூங்கலம்மா. மணி அடிக்கவே இல்ல.”

முத்துசெல்வி உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். “நீங்க நல்லாயிருக்கணும் அண்ணாச்சி.”

ஏன் அடிக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பதிவை அச்செடுத்துக் கொடுத்தான். பத்தாவது வரை படித்தவள் அவள். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி முதல் வரியில் விரலை வைத்தாள். தன்னைக் கட்டியவன் பெயரை ஒரு கர்னல் முதல் வரியிலேயே சொல்லிவிடும்.

“இது உங்க பேருல்லா?”

“ஆமா. நாந்தான் கட்டுனேன்.”

“அப்பம் ஸ்டேஷனுக்கு நீங்களே வந்து சொல்லிருங்க. நாங்க சொன்னா யாரு கேக்கா.”

வாசலில் சாரல் பிடித்திருந்தது. அவள் குடையை விரித்து அவன் பக்கம் நீட்டினாள். தாளை மார்போடு அணைத்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவில் இறங்கி நனைந்தபடி நின்றாள்.