ஓரத்தில் விழுந்த விரல்கள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: நான், காலமான என் தம்பியின் மனைவி, அவள் மகளைக் கட்டிய மாப்பிள்ளை, ஸ்டுடியோக்காரர், கூட்ஸ் வண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கார்டு. வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பிறகு கேள்விப்பட்டவர்கள்.

தம்பி எடுத்த கூட்ஸ் வண்டிப் படங்கள் செருப்புப் பெட்டிகளில் கிடந்தன. கண்காட்சி வைக்கலாம் என்று ஸ்டுடியோக்காரர் வந்திருந்தார். வண்டிகளை அடையாளம் சொல்லக் கார்டையும் கூட்டி வந்திருந்தார். மதியத்திலிருந்து குனிந்து பார்த்து என் இடுப்பு விட்டுப்போயிற்று. நிலக்கரி, சிமெண்ட், மறுபடியும் நிலக்கரி. வண்டியில் இருப்பவர்களைத் தவிர படத்தில் ஆள் விழக்கூடாது தம்பிக்கு. கட்டியவளைக்கூட ஒரு படம் எடுத்தவனில்லை.

"எல்லாரும் இன்ஜினை எடுத்துட்டுப் போயிடுவாங்க. இவருதான் கடைசிப் பெட்டி போற வரைக்கும் நிப்பாரு," என்றார் கார்டு. "பின்னாடி தனியா உக்காந்து போறவனை யாருங்க பார்க்கிறா? பக்கத்துல நிக்கிற அந்தம்மா மட்டும் எப்பவும் கை காட்டுவாங்க. நானும் கொடியை ஆட்டுவேன்."

மாப்பிள்ளை கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப ஊர்ல பேசினது நிஜம்தானா, பெரிய மாமா?"

"என்ன பேசினாங்க?"

"கல்யாணத்தப்பவே எங்கம்மா காதுக்கு வந்துச்சு. பொண்ணோட அம்மா தண்டவாளத்து ஓரமா நின்னு, ரயில்காரர் ஒருத்தருக்கு..."

"மாப்பிள்ளை! இந்த வீட்டுல உக்காந்து இந்த வீட்டுப் பொம்பளையைப் பத்திப் பேசும்போது நாக்கை அளந்து பேசணும்."

கார்டு பதறி எழுந்தார். "ஐயா, நான் தப்பா எதுவும்..."

"உக்காருங்க. எழுந்து போனா அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க," என்றேன்.

அவர் உட்கார்ந்தார். தம்பி மனைவி கழித்துப்போட்ட படங்களின் பெட்டியை இழுத்தாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை என்று தோன்றியது. ஒரு படத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

கடைசிப் பெட்டி வெயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்கட்டில் கார்டு கொடியோடு நின்றார். படத்தின் மேல் ஓரத்தில், கறுப்பாக, மங்கலாக, விரல்கள். அவற்றை ஒட்டி ஒரு வளையலின் வளைவு.

"நான் யாருக்கும் கை காட்டலை, மாமா. சாயங்கால வண்டி வெயிலைப் பார்த்துப் போகும். லென்ஸுக்கு மாட்டுற மறைப்பு உடைஞ்சப்புறம் அவர் புதுசு வாங்கவே இல்லை. அதான் நான் இருக்கேனே! 'தூக்கு, இறக்கு, தள்ளிப் பிடி'ன்னு உசிரை வாங்குவாரு. கை ஓஞ்சு போயிடும். கொஞ்சம் இறங்கினா இப்படிப் படத்துல விழுந்துடும். அதுக்கும் திட்டு."

படம் கை மாறியது. கார்டுதான் அதை வெகுநேரம் வைத்திருந்தார்.

"அப்ப இத்தனை வருஷமா வெயில் மறைப்புக்கா கொடி ஆட்டிட்டு இருந்தேன்?"

ஸ்டுடியோக்காரர் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"கொடி நல்லாத் தெரிஞ்சுதுங்க," என்றாள் தம்பி மனைவி.

மாப்பிள்ளை தரையைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க அத்தை," என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

ஸ்டுடியோக்காரருக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. "அருமையான படம். விரலை மட்டும் வெட்டிட்டா..."

"வெட்டாதீங்க. என் படம்னு இருக்கிறது அதுதான்."

"விரலோட மாட்டுறதா இருந்தா எடுத்துட்டுப் போங்க," என்றேன். "இல்லைன்னா எல்லாப் பெட்டியையும் வச்சுட்டுப் போங்க."

கண்காட்சியில் விரலோடு, வாசலுக்கு நேரே மாட்டினார்.

அந்தப் படத்தையே சாட்சியாகக் காட்டி, அவள் கார்டுக்குக் கையசைத்தாள் என்று இப்போதும் சிலர் பேசுகிறார்களாம். வீடு வீடாகப் போய் மறுக்க எனக்கு வயதில்லை; இங்கே எழுதிவிடுகிறேன். என் தம்பி மனைவி யாருக்கும் கையசைக்கவில்லை. புருஷன் சொன்னபடி வெயிலை மறைத்தாள்.