பக்கத்தில்தான் இருந்தோம்

"டேக்கிள் பண்றதுக்கே பயப்படுற ஆளு, அவன் என்னண்ணா பெரிய கார்னர்பேக்?" என்று இனியன் கேட்டபோது அம்மா மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தாள். அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். கேட்டுவிட்டு அவன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். போர்வை மெல்ல ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு எதுவரை ஏறி இறங்கியது என்பதுதான் தெரியாது.

அது டாலஸ் பக்கம் பிளானோவில் அண்ணன் திருமூர்த்தியின் வீடு. கீழ்த்தளத்து அறையில், கடைசிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் ஹாஸ்பிஸ்காரர்கள் கொண்டுவந்து போட்டிருந்த கட்டிலில் அம்மா நாகமணியம்மாள் நான்கு நாட்களாகக் கண் திறக்காமல் கிடந்தாள். இன்னும் இரண்டு நாளோ மூன்று நாளோ என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனியன் முந்தின நாள்தான் நியூ ஜெர்சியிலிருந்து வந்து இறங்கியிருந்தான்.

மூன்று மணிக்கு அண்ணி யாமினி மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, அப்படியே மருந்துக்கடைக்கும் போய்வரக் கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"ரெண்டு பேரும் பக்கத்துலயே இருங்க. உதடு காய விடாதீங்க, அரை மணிக்கு ஒருக்கா இந்த ஸ்பாஞ்சை நனைச்சுத் தடவி விடுங்க. மூச்சு மாறுற மாதிரி இருந்தா உடனே எனக்கு கால் பண்ணுங்க."

தலைமாட்டில் இருந்த டேப்லெட்டில் தேவாரத்தைச் சன்னமாக வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணனும் தம்பியும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, "ஆறு மாசம் நீ வெச்சுக்கடா, யாமினி ஓஞ்சு போயிட்டா" என்று திருமூர்த்தி போனில் கேட்டிருந்தான். தன்னுடையது இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது, அம்மாவால் படி ஏற முடியாது என்று இனியன் சொன்னான். அதே குடியிருப்பில் கீழ்த்தள வீடு ஒன்று அப்போது காலியாக இருந்ததைச் சொல்லவில்லை. ஒற்றையாளாக வாழ்ந்து பழகியவனுக்குப் பயமாக இருந்தது. திருமூர்த்தி மறுபடி கேட்கவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மெசேஜ் மட்டும் போய்வந்தது.

கால் மணி நேரம் அப்படியே கழிந்திருக்கும். இனியனின் போன் அதிர்ந்தது. நியூ ஜெர்சி நண்பன் ஒருவன் யாரோ போட்ட பட்டியலை அனுப்பியிருந்தான். இதுவரை ஆடியவர்களில் தலைசிறந்த கார்னர்பேக்குகள். இனியன் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தான்.

"என்னடா?"

சொன்னான்.

"யாரு ஃபர்ஸ்ட்டு?" என்றான் திருமூர்த்தி.

அப்படித்தான் ஆரம்பித்தது. அப்பா ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனிக்கு எஞ்சினியராக வந்தபோது திருமூர்த்திக்குப் பன்னிரண்டு வயது, இனியனுக்கு ஏழு. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்த இரண்டு பையன்களுக்கு இந்த ஊர்ப் பள்ளியில் வாய் திறந்து பேசக் கிடைத்த முதல் விஷயம், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். டியான் சாண்டர்ஸ் டாலஸ் அணிக்கு வந்த வருடம் திருமூர்த்திக்குப் பதினான்கு. எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரோடு ஒட்டிக்கொண்டே ஓடி, பந்து அவன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கார்னர்பேக்கின் வேலை. அதை டியான் மாதிரி இன்னொருவன் செய்யப் பிறக்கவில்லை என்பது அன்று முதல் அண்ணனின் கட்சி. வேலைக்காக நியூ ஜெர்சி போன இனியனுக்கு ஜெட்ஸ் அணியின் டாரெல் ரெவிஸ். அப்பா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் இந்தச் சண்டை நடக்கும். அப்புறம் அதுவும் நின்றுபோனது.

"அம்பத்திமூணு இன்டர்செப்ஷன்டா, அம்பத்திமூணு தடவ பந்தைப் பறிச்சிருக்கான். உங்காளு எத்தன? இருபத்தொம்பது."

"அவன் பக்கம் பந்தே போடமாட்டாங்க, அப்புறம் எங்க புடிக்கிறது? ஒவ்வொரு வாரமும் அந்த டீம்ல பெஸ்ட் ரிசீவர் யாரோ அவன் பின்னாடியே போவான். இந்த மூலைக்குப் போனா இந்த மூலை, அந்த மூலைக்குப் போனா அந்த மூலை."

"டியான் பக்கம் மட்டும் போட்டாங்களாக்கும்? ரெண்டு வருஷத்துல ரெண்டு டீமுக்கு ஆடி ரெண்டு சூப்பர் பௌல் ஜெயிச்சான். வெளையாட்டா?"

இனியன் போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தான். தேவாரச் சத்தத்தில் வர்ணனை கேட்கவில்லை. எட்டி டேப்லெட்டை நிறுத்தினான். இரண்டு நிமிடம் என்றுதான் நினைத்தான். அம்மாவின் கால்களுக்கு மேலாகப் போனை நீட்டிப் பிடிக்க, திருமூர்த்தி குனிந்து பார்த்தான். பிறகு அவன் தன் போனில் ஒன்றைத் தேடி நீட்டினான். டியான் பந்தைப் பறித்துக்கொண்டு, எல்லைக்கோட்டுக்கு வெகு முன்னாலேயே காலைத் தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டே ஓடினான். "இப்படி ஒருத்தன் ஓடுவானாடா, ரெவிஸ் ஓடுவானா?" என்று சொல்லி திருமூர்த்தி சிரித்தான். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அண்ணன் சிரித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதை நிறுத்த இனியனுக்கு மனம் வரவில்லை. பந்தோடு ஓடுகிறவனை மடக்கிச் சாய்க்க டியான் பயப்படுவான் என்ற டேக்கிள் விஷயத்தை அப்போதுதான் எடுத்துவிட்டான்.

நான்கேகாலுக்கு ஹாஸ்பிஸ் நர்ஸ் வந்தாள். டெனிஸ் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். வரும்போதே இவர்கள் சத்தம் கேட்டுப் புன்னகைத்துக்கொண்டுதான் வந்தாள். கை கழுவிவிட்டுக் கட்டிலருகே போனாள். அம்மாவின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தாள். ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறார் என்று தணிந்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டாள்.

திருமூர்த்தி தம்பியைப் பார்த்தான். இனியன் போர்வையைப் பார்த்தான்.

டெனிஸ் மறுபடி கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, நான்கு இருபத்திரண்டு என்று தாளில் குறித்தாள். ஸ்பாஞ்சுக் குச்சி உறை பிரிக்காமல் மேஜையில் கிடந்தது. அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

மகளை மாடிக்கு அனுப்பிவிட்டு யாமினி அறைக்கு வந்தபோது நான்கரை. கையில் மருந்துப் பையோடு வந்தவள், டெனிஸின் முகத்தைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றாள்.

"எப்போ? எனக்கு ஏன் கால் பண்ணல?"

திருமூர்த்தி வாயைத் திறந்தான். அதற்குள் இனியன் சொல்லிவிட்டான்.

"இப்பத்தான் அண்ணி. கூப்பிடக்கூட டைம் இல்ல. நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையப் புடிச்சிட்டு இருந்தோம். தேவாரம் ஓடிட்டு இருந்துச்சு. அப்படியே அடங்கிடுச்சு."

யாமினி அம்மாவின் காலடியில் விழுந்து அழுதாள். திருமூர்த்தி எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

கலிஃபோர்னியாவில் பிளசன்டனில் இருந்த சித்திக்கு யாமினிதான் போன் செய்தாள். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. ஸ்பீக்கரில் அவளுடைய அழுகை அறையெல்லாம் கேட்டது. பிறகு அழுகைக்கு நடுவில், "ரெண்டு பசங்களும் ஆளுக்கொரு கையா? தேவாரம் கேட்டுக்கிட்டேவா? எங்கக்கா குடுத்து வெச்சவ, சாமி" என்றாள். இனியன் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு புல்வெளிக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஃப்யூனரல் ஹோமில் எல்லோரும் கூடினார்கள். சித்தி வந்திருந்தாள். ஆளுக்கொரு கை, தேவாரம் என்ற அந்த வார்த்தையும் அவளுக்கு முன்பாகவே எல்லோரிடமும் வந்து சேர்ந்திருந்தது. யார் யாரோ வந்து இனியனின் தோளைத் தொட்டு, இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். தமிழ்ச் சங்கத்து வாஞ்சிநாதன் அங்கிள், அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை பேச எழுந்தவர், அதையே சொல்லி முடித்துவிட்டு இவனைப் பார்த்தார்.

"எந்தப் பதிகம் தம்பி ஓடிட்டு இருந்தது? அதையே இப்பப் பாடிடலாம்."

நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஞாபகம் இல்ல அங்கிள்" என்றான்.

"பாவம். அந்த நேரத்துல எப்படி ஞாபகம் இருக்கும்" என்று பின்வரிசையில் ஒரு அம்மாள் சொன்னாள்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். முதலில் திருமூர்த்தி, பிறகு இனியன். அம்மாவின் உதட்டுக்கு அங்கே லேசாகச் சாயம் பூசியிருந்தார்கள். குனிந்தபோது சாயத்துக்குக் கீழே மேலுதட்டில் நீளமாக ஒரு வெடிப்பு தெரிந்தது. கீழுதட்டில் இரண்டு. இனியனின் விரல்களிலிருந்து அரிசி பாதி கழுத்தில் சிந்தியது. யாரோ அவன் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார்கள். துக்கத்தில் தடுமாறுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

எரியூட்டல் அந்தக் கட்டடத்திலேயே பின்பக்கம். பொத்தானை அண்ணன்தான் அழுத்தினான். வெளியே வந்ததும் தண்ணீர்க் குழாய் அருகே இருவரும் தனியாக நின்றார்கள். மூன்று நாளில் திருமூர்த்தி இதைப் பற்றிப் பேசியது அப்போதுதான்.

"எல்லாரும் எங்கிட்டயும் கேக்கறாங்கடா. நானும் ஆமான்னு தலையாட்டிட்டு இருக்கேன்." குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். "ரெண்டு வருஷம் குளிப்பாட்டுனேன். சோறு ஊட்டுனேன். ராத்திரி எந்திரிச்சு டயபர் மாத்துனேன். அதெல்லாம் நெசம். அதைப் பத்தி ஒருத்தர் கேக்கல. நான் செய்யாத ஒண்ணுக்குக் கையக் குடுக்கறாங்க."

"நான் சொல்லிடறேண்ணா. சித்திகிட்டச் சொல்லிடறேன்."

திருமூர்த்தி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

சித்தி முன்கூடத்து சோபாவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இனியன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"சித்தி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு கண்ணு."

"அம்மா போனப்ப நாங்க கையப் புடிச்சிட்டு இல்ல. தேவாரமும் ஓடல. நான்தான் நிறுத்தி வெச்சிருந்தேன்."

சித்திக்கு முதலில் புரியவில்லை. "நீங்க பக்கத்துல இல்லியா?"

"பக்கத்துலதான் இருந்தோம். பேசிட்டு இருந்தோம். ஃபுட்பால் பத்தி. ரெண்டு பிளேயர்ல யாரு பெரிய ஆளுன்னு. சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு இருந்தோம் சித்தி. எப்பப் போனாங்கன்னே தெரியாது. நர்ஸ் வந்து பாத்துத்தான்…"

சித்தி கைப்பையைத் திறந்தாள். உள்ளே எதையோ தேடினாள். ஒன்றும் எடுக்காமல் மூடினாள்.

"நம்மூரு கோபிக்குப் போன் போட்டு அத்தனை பேருக்கும் சொல்லிப்போட்டேனே" என்றாள். "பெரிய அண்ணனுக்கு எம்பத்தாறு வயசு. ரெண்டு நாளா பட்டினி கெடந்தவரு, இதைக் கேட்டப்புறந்தான் ரெண்டு வாய் சோறு தின்னாராம்."

"நான் மாமாகிட்டப் பேசட்டுமா?"

"வேண்டாம்." சித்தி எழுந்தாள். சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "வேற யாருகிட்டயும் சொல்லிப்போடாத. எங்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கலாம் நீயி."

அன்று மதியம் அண்ணன் வீட்டில் வெளியிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. தெர்மாகோல் தட்டில் ரசஞ்சோறு வாங்கிக்கொண்டு இனியன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். காலையில் வர முடியாமல் போன ஒரு குடும்பம் அப்போதுதான் ஹூஸ்டனிலிருந்து வந்து சேர்ந்தது. அந்த அம்மாள் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி நேரத்தில் கஷ்டப்பட்டாரா என்று கேட்டாள்.

"இல்லீங்" என்றாள் சித்தி. "ரெண்டு பசங்களும் ஆளுக்கொரு கையப் புடிச்சிட்டு இருந்தாங்க. தேவாரம் ஓடிட்டு இருந்துச்சு. அப்படியே அடங்கிடுச்சு."

ஒரு வார்த்தை மாறவில்லை. சொல்லும்போது படிக்கட்டுப் பக்கம் அவள் திரும்பவில்லை. இனியன் தட்டைப் படியில் வைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை திருமூர்த்திதான் அவனை ஏர்போர்ட்டில் விட்டான். டோல்வேயில் வண்டிகள் குறைவு. பாதி தூரம் போனபின், "சித்திகிட்டச் சொன்னியா?" என்று கேட்டான்.

"சொன்னேன்."

"ம்."

டிராப் செய்யும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, பெட்டியை அவனே தூக்கித் தரையில் வைத்தான். கைப்பிடியை இழுத்து நீட்டிக் கொடுத்தான்.

"பதினாறாம் நாளுக்கு வந்துடு."

"வந்துடறேண்ணா."

இன்னும் ஏதாவது சொல்வான் என்று இனியன் ஒரு நிமிடம் நின்றான். திருமூர்த்தி வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போன பிறகு இனியன் திரும்பிப் பார்த்தான். வண்டி நகரவில்லை. இடப்பக்க இண்டிகேட்டர் மினுங்கிக்கொண்டே இருந்தது. திருமூர்த்தி ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் இருந்த வண்டி ஹாரன் அடித்தது. மஞ்சள் சட்டை போட்ட போலீஸ்காரர் நடந்து வந்து, ஜன்னலை விரலால் இரண்டு முறை தட்டினார்.