வடக்காகக் கீழிறங்கும் பாதை

எங்கள் வீட்டில் இருந்தவர்களில் இன்று நான் ஒருத்திதான் மிச்சம். இந்தத் தீவில் எல்லோரும் இப்போது வெள்ளைக் கிறிஸ்துவின் மதத்தில் இருக்கிறோம். எழுதக் கற்றதும் அவர்களிடம்தான். இறந்தவர்களுக்குச் சொர்க்கம், நரகம் என இரண்டே இடம் என்று அவர்கள் சொல்கிறார்கள். நான் எழுதுவது, ஒன்பது உலகங்கள் இருந்த காலத்தில் நடந்தது.

அந்த ஒன்பதும் இக்த்ராசில் என்ற ஒரே மரத்தில் இருந்தன. என் மகள் ஆஸாவுக்கு அது விளங்கவில்லை. அவள் ஐஸ்லாந்தில் பிறந்தவள். இங்கே மரம் என்றால் ஆட்டின் முதுகு உயரம். அந்தப் புதரில் உலகம் எப்படித் தொங்கும் என்று தந்தையைக் கேட்டாள். என் கணவர் ஹாவார் நார்வேயில், நல்ல காடுகளுக்கு நடுவே வளர்ந்தவர். யோசித்துப் பார்த்து, மரத்தை விட்டுவிட்டு வீட்டைக் காட்டினார்.

ஆடு ஏறி மேயும் எங்கள் புல்கூரைதான் தெய்வங்கள் வாழும் ஆஸ்கார்ட். மந்தையில் ஒரு கிழட்டுக் கிடாய்க்கு ஒரு கண் கிடையாது. அதுதான் தெய்வங்களின் தலைவரான ஒற்றைக்கண் ஓதின். நாங்கள் உட்கார்ந்து தின்று தூங்கும் பலகை மனிதர்களின் உலகம். நடுவில் எரியும் அடுப்பு, நெருப்பு நாடு. கதவிடுக்கில் பனி சீறி நுழையும் இடத்துக்கு வெளியே அரக்கர்கள். உலைக்கல்லுக்கு அடியில் குள்ளர்கள். மிச்ச உலகங்களுக்கு வீட்டில் இடம் போதவில்லை. தொழுவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் ஒன்றை மறக்காமல் காட்டினார். தரைக்கு அடியில், புளித்த மோர்ப் பீப்பாய்கள் இருக்கும் குழி. அதுதான் ஹெல். நோயிலும் முதுமையிலும் இறந்தவர்கள் போகும் இடம். அதை ஆளும் பெண்ணின் பெயரும் ஹெல்தான். அவள் உடம்பில் பாதி நீலம்.

அதைக் காட்டியிருக்க வேண்டாம். அன்றிலிருந்து மோர் எடுத்துவரச் சொன்னால் ஆஸா தனியாக இறங்க மாட்டாள்.

"நீங்க முதல்ல போங்கப்பா. அந்தம்மா இருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க."

ஹாவார் இறங்கி, சற்று நேரம் நின்று, மேலே குரல் கொடுப்பார். "வீட்ல யாருமில்ல, வாடி."

ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் கரையோரம் எல்லாப் பண்ணைகளிலும் காய்ச்சல் பரவியது. ஹாவார் மீன்பிடிக்கத் தொலைவுக்குப் போயிருந்தார். நான் நினைவில்லாமல் கிடந்தேன். ஆஸா இறந்தாள். நிலம் உறைந்துவிடும் என்று பக்கத்துப் பண்ணைப் பெண்கள் அவசரமாக அவளைப் புதைத்தார்கள். இறந்தவர்களுக்குக் காலணி கட்டி அனுப்புவது எங்கள் வழக்கம். ஹெல்லுக்குப் போகும் பாதை வடக்காகக் கீழே இறங்கும். கல்லும் பனியுமாக நீண்டது. ஆஸாவின் பழைய காலணி அவளுக்குச் சிறிதாகிவிட்டிருந்தது. வேறு தைக்கத் தோல் ஊறவைத்திருக்கவில்லை. சின்னக் குழந்தைதானே, யாராவது தூக்கிக்கொள்வார்கள் என்று அந்தப் பெண்கள் நினைத்தார்கள். தூக்கிக்கொள்ள எங்கள் வீட்டிலிருந்து அவளுக்கு முன்னால் யாரும் போயிருக்கவில்லை.

திரும்பி வந்த ஹாவார் இதைக் கேட்டுவிட்டு ஊசியை எடுத்தார். கடல்நாய்த் தோலில் ஒரு சின்ன ஜோடி தைத்தார். அதைக் குறுக்கு உத்தரத்தில் மாட்டினார். அது அங்கேயே இருந்தது.

சில வருடங்கள் கழித்து அவருக்கு மார்பில் நோய் வந்தது. இனி எழ மாட்டார் என்று தெரிந்ததும் அவருடைய தம்பி காரிக்குச் சொல்லி அனுப்பினேன். காரி அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்தான். மேட்டு நிலம் தாண்டிக் குதிரையில் வந்தான். கையில் வேல் இருந்தது.

எதற்கு என்று எனக்குத் தெரியும். ஆயுதத்தால் இறந்தவர்களில் பாதிப்பேரையாவது ஓதின் தன் மண்டபமான வல்ஹல்லாவுக்கு எடுத்துக்கொள்வார். படுக்கையில் சாகிறவனுக்கும் ஒரு வழி உண்டு. மூச்சு நிற்பதற்கு முன் அவன் சம்மதித்து, வேல்முனையால் மார்பில் ஒரு கீறல் வாங்கினால் அவன் ஓதினைச் சேர்ந்தவன். அண்ணனும் தம்பியும் இளவயதில் ஒரே கப்பலில் சண்டைக்குப் போனவர்கள். வல்ஹல்லாவில் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதாக வாக்குக் கொடுத்துக்கொண்டவர்கள்.

"ஒரே ஒரு கீறல்ண்ணே. பூனை பிராண்டுன மாதிரிதான் இருக்கும்."

"அந்தப் பூனைய இவ்ளோ தூரம் குதிரையில ஏத்திட்டு வந்தியாக்கும்" என்றார் ஹாவார்.

காரி வல்ஹல்லாவைப் பற்றிப் பேசினான். அங்கே வீரர்கள் பகலெல்லாம் சண்டையிடுவார்கள். வெட்டுப்பட்டவர்கள் மாலையில் எழுந்து பந்திக்கு வருவார்கள். சமைத்துத் தின்ற பன்றி மறுநாள் உயிரோடு நிற்கும். ஹாவார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தினமும் அதே பன்னி. தினமும் உன் மூஞ்சி. உலகம் அழியற வரைக்கும்."

காரிக்குக் கோபம் வந்தது. ஹெல்லின் வீட்டில் தட்டுக்குப் பசி என்று பெயர், கத்திக்குப் பஞ்சம் என்று பெயர் என்றான். வைக்கோல் படுக்கையில் செத்தவர்களோடு உட்காரவா இவ்வளவு சண்டை போட்டாய் என்று கேட்டான்.

"ஓதினோட சொந்தப் புள்ள பால்டர் இப்ப எங்கடா இருக்கான்?" என்று கேட்டார் ஹாவார்.

தெய்வங்களிலேயே எல்லோருக்கும் பிரியமான பால்டர் இறந்ததும் போனது ஹெல்லின் வீட்டுக்குத்தான்; இன்னும் அங்கேதான் இருக்கிறான். இது எல்லோருக்கும் தெரியும்.

"மகனைக் கூட்டிட்டு வரச் சொல்லி ஓதின் ஆள் அனுப்பிச்சாரு. ஆள் அனுப்பி என்ன ஆச்சு? நான் நேர்ல போறேன்."

காரி என் பக்கம் திரும்பினான். "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

வேல் பட்டுவிட்டால், நான் இறந்த பிறகும் அவரைப் பார்க்கப் போவதில்லை. பெண்கள் போகும் இடம் ஹெல் என்று எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை. அவருடைய பாதை, அவர்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

ஹாவார் கண்ணால் உத்தரத்தைக் காட்டினார். நான் அந்தச் சின்னக் காலணிகளை எடுத்துவந்து போர்வையின் மேல் வைத்தேன். காரி அவற்றையே பார்த்தான். குழந்தை இறந்தது அவனுக்குத் தெரியும். மற்றது தெரியாது.

"வெறுங்கால்லயா அனுப்பினீங்க?"

ஆமென்று தலையசைத்தேன். அவன் எழுந்து, கையிலிருந்த வேலை வெளியே கொண்டுபோய்க் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்தான்.

அன்று முழுவதும் ஹாவாருக்கு ஒரே கவலைதான். ஹெல்லின் நாடு பெரியது, இறந்தவர்கள் ஏராளம், அந்தக் கூட்டத்தில் அவளை எப்படிக் கண்டுபிடிப்பது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். காரி ஒரு வழி சொன்னான்.

"ஹெல்லுக்குப் போற வழியில, ஆத்துப் பாலத்துல ஒரு பொண்ணு காவல் நிக்கும்ல. வர்றவங்க பேரு, குலம் எல்லாம் கேக்கும். நீ பதில் சொல்லிட்டு, நீயும் ஒண்ணு கேளு. சின்னப் பொண்ணு ஒருத்தி வெறுங்காலோட போனாளே, எந்தப் பக்கம்னு கேளு. காலணி இல்லாம வந்தவள அதுக்கு மறந்திருக்காதுண்ணே."

ஹாவார் அதன்பின் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறுநாள் மதியம் இறந்தார்.

நான் அவருடைய நகங்களை வெட்டினேன். இறந்தவர்களின் வெட்டாத நகங்களைச் சேர்த்து அரக்கர்கள் ஒரு கப்பல் கட்டுகிறார்கள். அது முடியும் நாளில் உலகம் முடியும் என்பார்கள். காரி அவர் காலில் காலணிகளைக் கட்டினான். கப்பல்காரர்கள் கட்டும் முடிச்சு. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான். சின்ன ஜோடியை அவருடைய சட்டைக்குள் வைத்து, விழாமல் இருக்க இடைவாரை இறுக்கினான்.

அவரைப் புதைத்து மேடு எழுப்பி முடித்ததும், கதவோரம் சாய்த்திருந்த வேலை எடுத்துக்கொண்டான். பலகையில் அண்ணனுடைய இடத்தை வேறு எவனுக்கும் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினான்.

அடுத்த கோடையில் காரியின் படகு திரும்பவில்லை. கடலில் மூழ்கிச் சாகிறவர்களை ரான் என்ற கடல் தேவதை வலைவீசிப் பிடித்துத் தன் வீட்டில் வைத்துக்கொள்வாள். அதனால் ஓதினின் பலகையில் அந்த இரண்டு இடமும் காலியாகத்தான் இருக்கும். கீழே ஹெல்லின் வீட்டில் அப்பாவும் மகளுமாக இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், பாலத்தில் நின்றவள் வழியைச் சரியாகச் சொல்லியிருந்தால்.