இதோக்காரர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்

நகர மன்றக் கட்டிடத்தின் நடைவழிக்குள் வேட்பாளராக நுழைந்த இதோக்காரர், பன்னிரண்டு வருடம் தாண்டியும் மறுமுனையில் இருக்கும் தலைவர் அறைக்குப் போய்ச் சேரவில்லை. நடைவழி அப்படியொன்றும் நீளமானதல்ல. இரண்டு பக்கமும் பச்சை வர்ணம் அடித்த சுவர், நடுவில் மினுக்கிக்கொண்டே இருக்கும் ஒரு டியூப்லைட், கடைசியில் பித்தளைக் கைப்பிடி போட்ட கதவு, அவ்வளவுதான். பியூன் டீயை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அதில் ஆடை கட்டுவதற்குள் போய்விடுவார். ஆனால் தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நடக்கிறவருக்கு மட்டும் அது நீளும். பதவிக்கு அவர் எவ்வளவு தயாராக இல்லையோ அவ்வளவு நீளம். போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்தான் ஓட்டுச்சீட்டில் ஏறும். முடியாதவர் திரும்பி நின்றால் போதும், எத்தனை தூரம் போயிருந்தாலும் வாசல் அவர் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். ஆனால் ஒரு தடவை திரும்பியவர் ஜென்மத்துக்கும் மறுபடி நிற்க முடியாது. இது எந்தக் காலத்து ஏற்பாடு என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. அந்தக் கட்டிடத்தைப் பற்றி ஊருக்கு இருந்த ஒரே புகார் கூரை ஒழுகுகிறது என்பதுதான்.

சட்டம் படித்த ஒருவர் ஒரு சித்திரை வெயிலில் உள்ளே போனார். அடுத்த மழைக்காலத்தில் மார்பு வரை தாடியோடு திரும்பிவந்து, ஜெயித்தது யார் என்று மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். பசி எடுக்கவில்லையா என்று கேட்டதற்கு, அங்கே பசியே தெரியாது, அந்தக் கைப்பிடி ஒன்றுதான் தெரியும் என்றாராம். பால் டெப்போ நடத்திய அம்மாள், கணக்கு முடிக்க நேரமாகிறது என்று முனகிக்கொண்டே போய்க் கதவைத் திறந்துவிட்டார். அதன்பிறகு ஒருத்தன் வந்தான். ஊரை அடித்து உலையில் போடுகிறவன். அவன் போன வேகத்தில் டியூப்லைட் ஆடியது. நடைவழியே விட்டுவிட்டது, நாம் என்ன யோசிப்பது என்று ஊரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டைக் குத்தியது. அவன் திருடத் தயாராக வந்தவன், பதவியின் மூலை முடுக்கெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆள் தயாரா என்று பார்ப்பதுதான் நடைவழியின் வேலை, நல்லவனா என்று பார்ப்பது நம் வேலை என்பது இரண்டு பூங்காவும் ஒரு குளமும் காணாமல் போன பிறகுதான் ஊருக்கு உறைத்தது.

இதோக்காரர் நல்லவர். அதில் இன்றுவரை யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. குடிநீர் வாரியத்தில் குழாய் ஆய்வாளராக இருந்தார். எந்த வீட்டில் எந்தப் புகார் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் "இதோ ஆச்சு" என்பார். தண்ணீர் வரவில்லை என்றாலும் இதோ, பக்கத்து வீட்டுக்காரன் சுவரை ஏற்றிக் கட்டிவிட்டான் என்றாலும் இதோ. பாதி நடக்கும், பாதி நடக்காது. ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே பாதி வயிறு நிறைந்துவிடுகிறது என்று ஜனங்கள் சொன்னார்கள். அவர்தான் நிற்கவேண்டும் என்று வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவருடைய தம்பி சின்னதாக அச்சகம் வைத்திருந்தார். நடப்பதற்கு முன்பே வெற்றிச் சுவரொட்டியை அடித்துக் காயப்போட்டுவிட்டார். நடந்த அன்று மனைவி சட்டைப்பையில் பேனாவைச் செருகிவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவீர்களா என்று கேட்டாள். "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது வேலை. தாமதமான வண்டிகளுக்கெல்லாம் "சற்று நேரத்தில் வந்து சேரும்" என்று சொல்லவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. வண்டி பாதி வழியில் அச்சு முறிந்து கிடந்தாலும் அதையேதான் சொன்னாள். குரலம்மா சற்று நேரம் என்று சொன்னால் பாயை விரித்துப் படு என்று பயணிகள் கேலி செய்வார்கள். மற்றவர்களுக்குச் சொல்லும்போது அது வெறும் உத்தரவாக இருந்தது. தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டிவந்தபோதுதான் எத்தனை பேரின் நெஞ்சில் இத்தனை நாளாகக் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

தினமும் மத்தியான இடைவேளையில் அவள் மன்றத்து வாசலுக்குப் போவாள். வாசலில் நின்று பார்த்தால் தூரத்தில் அவருடைய முதுகு சுண்டுவிரல் அளவுக்குத் தெரியும். உள்ளே காலை வைத்தால் அவர் இருக்கமாட்டார், சாதாரண நடைவழிதான் இருக்கும். ஏனென்றால் அவள் வேட்பாளர் இல்லை. முதல் வருடம் முழுக்க "திரும்பிடுங்களேன்" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பாமலே கையை உயர்த்தி, "இன்னும் கொஞ்ச தூரம்தான். இதோ" என்பார். ஒரு ஊர் முழுக்க நம்பி அனுப்பியிருக்கும்போது எந்த முகத்தோடு திரும்புவார் என்று அவளுக்கும் தெரிந்தது. அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டு, அந்த முதுகை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். வருடம் போகப் போக முகம் மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. போட்டோவைப் பார்த்தால் போட்டோதான் ஞாபகம் வந்தது. சாப்பிடும்போது வலது தாடையில் ஒரு நரம்பு துடிக்குமே, அது எந்தப் போட்டோவிலும் இல்லை.

அவர் போய்விட்டார், அவர் சொன்ன இதோக்கள் போகவில்லை. ஜனங்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடிக் கூண்டுக்கு வந்தார்கள். "உங்க வீட்டுக்காரரு இதோன்னு சொன்னாரும்மா" என்று ஆரம்பிப்பார்கள். துரத்தவும் மனமில்லை, தாலி கட்டியவர் கொடுத்த வாக்கு. இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே கேட்டுக்கொண்டாள். எந்த அலுவலகத்தில் எந்த மேசை, எவரைக் காலையில் பிடிக்கவேண்டும், எவர் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மனிதராக இருப்பார் என்பதெல்லாம் பிடிபட்டது. எது நடக்கும், எது எந்த ஜென்மத்திலும் நடக்காது என்பதும் பிடிபட்டது. நடக்காததை "நடக்காதுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். முதலில் திட்டினார்கள். பிறகு, அந்தம்மா நடக்கும் என்று சொன்னால் நடக்கும் என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளம் வந்து வண்டிகள் நின்றுபோன அந்த வாரம், எந்தத் தெருவை முதலில் காலி செய்வது, எந்தப் பள்ளிக்கூடத்தைத் திறப்பது என்று ஒலிபெருக்கியில் சொன்னது அவள்தான். அப்போதைய தலைவர் வீட்டு மாடியில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் அவள் பெரிதாக நினைக்கவில்லை. புருஷன் விட்டுப்போன வேலையைப் பெண்டாட்டி பார்க்கிறாள், வேறென்ன.

பதினோராவது வருடம் தேர்தல் வந்தபோது அவள் கையெழுத்துப் போட்டாள். பதவிக்கு ஆசைப்பட்டுவிட்டாள் என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அவள் போட்ட கணக்கே வேறு. இத்தனை படித்தவர்களுக்கே மாதக்கணக்கில் நீளும் நடைவழி, ஒன்றும் தெரியாத தனக்கு எவ்வளவு நீளும்! பூமியைச் சுற்றிவரும் நீளம் நீளட்டும். அவர் நிதானமாக நடக்கிறவர், இவள் ஓடுவாள். எட்டிப் பிடித்துவிடுவாள். இதைக் கொழுந்தனிடம் மட்டும் சொன்னாள். அச்சுக்காரருக்கு அது காதிலேயே ஏறவில்லை. நகர மன்றச் சட்டப் புத்தகம் ஒன்றைத் தலையணை கனத்தில் கொண்டுவந்து நீட்டினார்.

"அண்ணி, ஒரு தடவயாவது புரட்டிப் பாருங்க. சும்மா போனா மானம் போயிடும்."

"வேணாம் தம்பி. எனக்கு ஒண்ணும் தெரியாம இருக்கணும். தெரிஞ்சா வழி குறைஞ்சிடும்."

"போறது எதுக்குன்னே மறந்துட்டீங்களா?"

"எனக்கு அது ஒண்ணுதான் தம்பி ஞாபகம் இருக்கு."

அந்த மாதம் முழுக்க அவள் செய்தித்தாளைத் தொடவில்லை. யாராவது வரி என்று பேச ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். நடக்கும் நாளன்று நல்ல செருப்பாக வாங்கினாள், இரண்டு மாற்றுப் புடவை, அவருக்கு ஒரு சட்டை, சவரக் கத்தி எல்லாம் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் அச்சுக்காரர் விடாப்பிடியாகச் சட்டப் புத்தகத்தையும் கையில் திணித்தார். தூரத்தில் அந்த முதுகு தெரிந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, உள்ளே காலை வைத்தும் அது மறையவில்லை. அவள் அவரைப் பார்த்தபடி ஓடினாள். இரண்டு மூச்சு இழுத்திருப்பாள். டியூப்லைட் தலைக்கு மேலே வந்தது, முதுகு புகை மாதிரி கலைந்தது, கையில் சில்லென்று பித்தளைக் கைப்பிடி தட்டுப்பட்டது. கதவு திறந்துகொண்டது. அவள் தலைவர் அறைக்குள் நின்றாள். பால் டெப்போ அம்மாளைவிடச் சீக்கிரம் என்று பியூன் பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

வெளியே அச்சுக்காரர் வெடி வெடிக்காத குறையாகக் குதித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே அவள் பையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் விட்டுப்போன இதோக்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துத் தீர்த்தே அவரிடம் போகும் வழியைத் தேய்த்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இனி எதற்கு இங்கே, வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தாள். அந்த அறையின் கதவு ஸ்பிரிங் போட்டது, யார் நுழைந்தாலும் பின்னாலேயே அடித்துச் சாத்திக்கொள்ளும். எந்தத் தலைவரும் அதைத் திறந்து வைத்ததில்லை, நடைவழியின் தூசி உள்ளே வரும். அவள் கதவை இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நடைவழியின் அந்தக் கோடியில், சுண்டுவிரல் அளவில், ஒரு முகம் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மீசை நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. அவர்தான். பதினோரு வருடம் முதுகையே பார்த்த கண் அந்த முகத்தை விட்டு நகர மறுத்தது. அவள் வாசலைத் தாண்டி ஒரு எட்டு வைத்தாள், வெறும் நடைவழி. பின்வாங்கினாள், அவர் இருந்தார். அதைப் புரிந்துகொண்ட பிறகு தாண்டவில்லை. கையில் இருந்த சட்டப் புத்தகத்தைக் கீழே வைத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். கனமான புத்தகம், கதவு அசையவில்லை.

அந்த வருடம் வேறு யாரும் போய்ச் சேராததால் அவள் போட்டியின்றித் தலைவரானாள். நன்றாகவே ஆண்டாள். தூசி வந்தது, தும்மல் வந்தது, கதவை மட்டும் சாத்தவில்லை. வேலை முடிந்த நேரத்தில் அன்றைய சங்கதிகளைப் பேருந்து நிலையக் குரலில் நடைவழிக்குள் சொல்வாள். ஒரு தொட்டித் தண்ணீர்தான் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் கேட்கிறது, பள்ளத்தெருவும் கேட்கிறது என்பாள். "ரெண்டு பேருக்கும் விட்டுடு. இதோ, நான் வந்து பார்க்கிறேன்" என்று தூரத்தில் இருந்து பதில் வரும். இருப்பது ஒரு தொட்டிதான் என்று மறுபடி சொல்வாள். மறுபடி இதோ வரும். இப்படியே ஒரு வருடம் போனது. அவளுக்குக் கோபம் வரவில்லை, அந்தக் குரல் வந்ததே போதும் என்றிருந்தது.

ஒரு சாயங்காலம், சம்பளம் கேட்டு நிற்கும் துப்புரவுக்காரர்களைப் பற்றியும் பாலம் விரிசல் விட்டதைப் பற்றியும் சொன்னாள். ஏதாவது ஒன்றைத்தான் இந்த மாதம் செய்ய முடியும் என்றாள். இதோ வரவில்லை. காலடிச் சத்தமும் நின்றுபோனது. திரும்பப்போகிறார் என்று நினைத்தாள். திரும்பினால் அந்தப் பக்கத்து வாசலில் இருப்பார், கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், ஊரே சிரித்தாலும் சிரிக்கட்டும். அப்படி ஆகவேண்டும் என்றும் இருந்தது, ஆகிவிடக் கூடாது என்றும் இருந்தது. அப்போது அவர் குரல் வந்தது.

"தெரியலையே. நீ என்ன பண்ணினே?"

கல்யாணமான நாளில் இருந்து அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் சொன்னாள். பாலத்தை மூடிவிட்டுச் சம்பளத்தைக் கொடுத்ததை, சுற்றிப் போகவேண்டியவர்கள் சாபம் விட்டதை, அன்று சாப்பாடு இறங்காததை எல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். மறுநாள் பார்த்தபோது சட்டைப்பையில் பேனா இருப்பது தெரிந்தது. அதற்கு முன்னால் அது தெரிந்ததில்லை.

இப்போது அவர் உள்ளங்கை அளவுக்கு வந்திருக்கிறார். தாடையில் அந்த நரம்பு துடிக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. அடுத்த தேர்தலுக்கு அச்சுக்காரர் இரண்டு பேருக்கும் சுவரொட்டி அடித்து வைத்திருக்கிறார், யாருக்கு ஒட்டுவது என்பதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார். அறையில் இரண்டாவது நாற்காலி ஒன்று போட்டிருக்கிறது. பியூன் தினமும் அதைத் துடைக்கிறார், தினமும் இரண்டு டீ கொண்டுவருகிறார், கிளம்பும்போது தினமும் அதே கேள்வியைக் கேட்கிறார்.

"கதவச் சாத்திடட்டுமாம்மா?"

"வேணாங்க" என்பாள். பிறகு, பழைய வேலையின் பழக்கத்தில், நடைவழியைப் பார்த்தபடி தெளிவாக அறிவிப்பாள்: "சற்று நேரத்தில் வந்து சேருவார்."

பியூன் இரண்டாவது டீயின்மேல் தட்டை மூடிவைத்துவிட்டு, விளக்கை அணைக்காமல் வீட்டுக்குப் போவார்.