பல்வலியும் மூன்று நங்கூரங்களும்

"உன்னை நம்பிப் படகை விட்டுட்டு நான் எப்படிப் போறது, நீயே சொல்லு?"

ஒரு கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு நாத்தனார் அப்படிக் கேட்டது தம்பி மனைவியிடம். பதில் இருந்தாலும் அவள் வாயிலிருந்து வெளியே வந்திருக்காது. நடந்தால் சத்தம் கேட்காது, பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது என்பதால், கல்யாணமான முதல் மாதமே அவளுக்குப் பூனை என்று பேர் விழுந்துவிட்டது. இப்போது அந்தப் பேரைச் சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

நாத்தனாருடையது தேநீர்ப் படகு. அடுப்பு, பெரிய கெட்டில், பன் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, மேலே ஒரு தார்ப்பாய். நெடுநாளாக ஆற்றுக்குள்ளே, தண்ணீர் ஒரே பக்கமாக ஓடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. தூர்வாரும் மிதவை வந்ததும், அதில் வேலை செய்கிறவர்களுக்கு டீ கொடுக்கலாமென்று முகத்துவாரத்துக்கு இடம் மாறினார்கள். அங்கே கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் உள்ளே வரும், இறக்கத்தின்போது வெளியே போகும்.

மாறிய சில நாட்களிலேயே அது நடந்தது. அன்று நங்கூரம் போட்டவள் பூனை. மதியம் இருவரும் குனிந்து தம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது படகு சத்தமில்லாமல் நழுவிப் போய் மிதவையில் முட்டியது. கண்ணாடிப் பெட்டி கவிழ்ந்து, பன்னெல்லாம் வரிசையாகக் கடலுக்குப் புறப்பட்டன. மிதவையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். "டீக்கடை தேடி வருதுடா!" என்று ஒருவன் கத்தினான். இன்றுவரை அந்தக் கத்தல் ஓயவில்லை.

நாத்தனார் நங்கூரத்தை இழுத்துப் பார்த்தாள். கொக்கி ஒன்றில் கயிறு சுற்றிக் கிடந்தது.

"கயித்தையும் நங்கூரத்தையும் ஒண்ணாக் குப்பை கொட்டுற மாதிரி கொட்டியிருக்க. இப்படிப் போட்டா எது நிக்கும்?"

அப்படிக் கொட்டவில்லை என்று பூனைக்குத் தெரியும். நங்கூரம் அடியைத் தொட்டபின், படகு பின்னால் போகப் போக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கயிற்றை விட்டாள். அதை ராத்திரி கணவனிடம் மட்டும் சொன்னாள்.

அதிலிருந்து நாத்தனார் படகை விட்டு நகரவில்லை. கரையில் தெரியும் தண்ணீர்த் தொட்டியும் அதன் பின்னாலுள்ள மணிக்கூண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில்லறை கொடுக்கும்போதும் கண் அங்கேதான். தண்ணீர் திரும்பும் நேரத்தில் கயிறு தளர்ந்தால் இழுப்பாள், இறுகினால் விடுவாள். அந்தச் சமயம் பார்த்துக் கடைவாய்ப் பல் ஒன்று வலிக்க ஆரம்பித்தது. பல் டாக்டரிடம் போக வேண்டிய நாள் வந்தது, போனது. மறுபடி வந்தது, அதுவும் போனது. பூனையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

கணவன் ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக். வாரத்தில் ஒருநாள் லீவு. அந்த வார லீவில், தனக்குப் பழக்கமான வெல்டரை அழைத்துக்கொண்டு படகில் வந்து நின்றான். வெல்டரின் சின்னப் படகில் இரண்டு புது நங்கூரங்கள். ஒன்றுக்கு இரண்டு தட்டையான இறக்கை. மற்றொன்று அச்சு அசலாகக் கலப்பையின் கொழு. மீன் ஏலக் கூடத்திலிருந்து இரவல் வாங்கிய தொங்கு தராசும் இருந்தது.

"கோளாறு ஆள்லயா, நங்கூரத்துலயான்னு இன்னைக்குப் பாத்துடுவோம் அக்கா" என்றான் கணவன்.

பூனை கழுவிய தம்ளரையே மறுபடி கழுவினாள். ஆளில்தான் என்று முடிந்துவிட்டால்?

நாத்தனார் தன் நாலுகொக்கி நங்கூரத்தைக் காலால் தட்டினாள். "இதுக்கு என்ன கொறச்சல்? இத்தனை வருஷத்துல ஒருநாள் என் காலை வாரினதில்ல."

"வாரியிருந்தாலும் நீ விட்டிருப்பியா? நீயே தண்ணிக்குள்ள இறங்கிச் சண்டை போட்டிருப்ப."

"உன் வாய்க்கு முதல்ல நங்கூரம் போடணும்டா."

வெல்டர் சிரித்தார். "அதுக்குக் கலப்பை பத்தாது அக்கா. தனியாத்தான் செய்யணும்."

சோதனை எளிமையானது. நங்கூரத்தைப் போட்டு, மூன்றுக்கும் ஒரே அளவு கயிறு விட்டு, கயிற்றுக்கும் படகின் முன்கட்டைக்கும் நடுவில் தராசைக் கட்டுவது. பிறகு இன்ஜினை ரிவர்சில் கொடுத்து இழுப்பது. முள் எவ்வளவு ஏறுகிறது, எப்போது விட்டுக்கொடுக்கிறது என்று பார்ப்பது. கரையில் தொட்டியும் மணிக்கூண்டும் விலகினால் நங்கூரம் நழுவுகிறது என்று அர்த்தம்.

முதலில் தட்டை இறக்கை. இழுத்த மாத்திரத்தில் சேற்றுக்குள் புதைந்துகொண்டது. முள் விறுவிறுவென்று ஏறியது. இன்ஜின் முக்கியது, படகு மூக்கைத் தாழ்த்தியது, நங்கூரம் அசையவில்லை. மேலே எடுக்க மூன்று பேர் தொங்க வேண்டியிருந்தது.

அடுத்தது கலப்பை. அது உடனே பிடி கொடுக்கவில்லை. கொஞ்ச தூரம் உழுதுகொண்டே வந்தது. பூனை கயிற்றின்மேல் வெறுங்காலை வைத்திருந்தாள். முதலில் கரகரவென்று ஒரு நடுக்கம். பிறகு யாரோ கதவைச் சாத்தியதுபோல் அமைதி. முள் முந்தையதைவிடச் சற்றுக் கீழே நின்றது.

நாலுகொக்கியைப் பிறர் தொட நாத்தனார் விடவில்லை. தானே இறக்கினாள். அடியைத் தொட்டதும் நின்று, படகு போகப் போக, அழுக்குப் படாமல் துணி உலர்த்துகிறவள்போல் கயிற்றை அழகாக விட்டாள். "போடுறதுன்னா இப்படிப் போடணும்" என்று பூனையின் பக்கம் பாராமலே சொன்னாள். முள் மற்ற இரண்டின் உயரத்துக்குப் போகவில்லை. ஆனாலும் கௌரவமான இடத்தில் நின்றது.

"டீக்கடைக்கு இது போதும்" என்றாள் நாத்தனார். "கப்பலா நிறுத்தப் போறோம்?"

"அப்படிப் பாத்தாலும் தட்டைதானே முதல் மார்க்கு? அதையே வாங்கிடலாம். சோதனை முடிஞ்சுது" என்று கணவன் தராசை அவிழ்க்கப் போனான்.

"அன்னைக்கும் காலையில நின்னுது."

குரல் எங்கிருந்து வந்தது என்று வெல்டர் திரும்பிப் பார்த்தார். பூனை தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"என்ன சொன்ன?" என்றாள் நாத்தனார்.

"அன்னைக்குக் காலையில நல்லாத்தான் நின்னுது அண்ணி. தண்ணி திரும்பினப்பதான் போச்சு. இன்னும்... இன்னும் தண்ணி திரும்பல."

கணவன் பெருமையை மறைக்கத் தெரியாமல் தராசை மறுபடி கட்டினான்.

"சரி, தண்ணியிலதானே கிடக்கு. என்னோடதுலேயே ஆரம்பிப்போம்" என்றாள் நாத்தனார். "யாரும் கயித்தைத் தொடக் கூடாது. நானும் தொடல. டீ குடிங்க."

டீ குடித்தார்கள். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மெல்லச் சோம்பி, அப்படியே நின்றது. கயிறு தொய்ந்து தொங்கியது. நாத்தனாரின் கை பழக்க தோஷத்தில் இரண்டு முறை கயிற்றை நோக்கிப் போய்த் திரும்பிவிட்டது. சற்று நேரத்தில் ஒரு பன் தூள் பின்னாலிருந்து முன்னால் மிதந்து போனது. தண்ணீர் திரும்பிவிட்டது. படகு நங்கூரத்துக்கு மேலாகவே நகர்ந்து, சோம்பல் முறிப்பதுபோல் எதிர்ப்பக்கம் போனது.

"இழுடா" என்றாள் நாத்தனார்.

கணவன் ரிவர்ஸ் கொடுத்தான். முள் கொஞ்சம் எழுந்து, தலையைத் தொங்கப் போட்டது. தண்ணீர்த் தொட்டி மணிக்கூண்டை விட்டு நிதானமாக விலகிப் போயிற்று.

"டீக்கடை வருதுடோய்!" மிதவையிலிருந்து கத்தல்.

வெல்டரும் கணவனும் இழுத்தார்கள். நங்கூரம் மேலே வந்தது. மேல்நோக்கி நின்ற கொக்கியில் கயிறு சுற்றிக் கிடந்தது. அன்று கிடந்த அதே மாதிரி.

வெல்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவன் அவர் காலை மிதித்தான்.

நாத்தனார் குந்தி உட்கார்ந்து சுற்றை அவிழ்த்தாள். கொக்கி நாலு. புதைவது இரண்டுதான், மற்ற இரண்டும் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். தொய்ந்த கயிறு அவற்றின் மேல் விழுந்தால், படகு திரும்பும்போது அதுவே மாட்டிக்கொண்டு நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். போட்ட கை எதுவானாலும் அப்படித்தான். நாத்தனார் அந்தச் சுற்றை அவிழ்க்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

மீதி இரண்டையும் அதேபோல் போட்டு, தண்ணீர் திரும்புவதற்குப் பதிலாகப் படகையே இன்ஜினால் சுற்றிவந்து எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். முதல் மார்க்கு வாங்கிய தட்டை இறக்கை துள்ளி வெளியே வந்தது. இறக்கைகளுக்கு நடுவில் சேறும் சிப்பியும் அடைத்துக்கொண்டதால் மறுபடி பிடிக்கவே இல்லை, சறுக்கிக்கொண்டே வந்தது. கலப்பை புரண்டது. பூனையின் பாதத்தின் கீழ் மறுபடி அந்தக் கரகரப்பு.

"பிடிக்குது" என்றாள், தன்னையறியாமல் சத்தமாக.

அவள் சொல்லி முடித்தபின்தான் முள் ஏறியது. தொட்டியும் மணிக்கூண்டும் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றுகொண்டன.

"பூனை மியாவ்னுடுச்சு!" என்றான் கணவன். அவள் அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

கலப்பையை அப்படியே விட்டுவிட்டார்கள். அடுப்பு மறுபடி பற்றியது. மிதவையிலிருந்து ஒரு படகு வந்து கெட்டில் நிறைய வாங்கிப் போயிற்று. பூனைதான் ஊற்றினாள், பூனைதான் சில்லறை கொடுத்தாள். நாத்தனார் பெட்டிமேல் உட்கார்ந்து, வலிக்கிற பல்லில் சூடு படாமல் வாயின் மறுபக்கம் ஒதுக்கி டீ குடித்தாள். கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து பூனை பார்த்ததே இல்லை.

"அப்போ நாங்க கிளம்புறோம்" என்றான் கணவன். "தராசைக் கூடத்துல கொடுக்கணும். சாயங்காலம் வர்றேன். அக்கா, உனக்குக் கரையில ஏதாவது வாங்கணுமா?"

நாத்தனார் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். இடுப்பில் செருகியிருந்த இன்ஜின் சாவியை எடுத்து, சில்லறை டப்பாவின் மூடிமேல் வைத்தாள். கன்னத்தைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் தார்ப்பாய்க் கம்பைப் பிடித்து, நாலுகொக்கியைக் காலால் ஓரமாக நகர்த்திவிட்டு வெல்டரின் படகில் இறங்கினாள். முன்பலகையில் உட்கார்ந்தாள்.

"எங்க அக்கா, பல்லுக்கா?" என்றான் கணவன். அவள் கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே தலையாட்டினாள்.

சின்னப் படகு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் போயிற்று. பூனை கயிற்றின்மேல் காலை வைத்தபடி நின்றாள். நாத்தனார் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.