பரியாரியின் குதிரைகள்

கிண்ணியாவில் ஜெஸீமா பரியாரி தீர்த்த நோய் வருத்தங்கள் எல்லாம், சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாளிலிருந்து குதிரைகளாக வெளியேறத் தொடங்கின. முதலில் வந்தது மீன் வியாபாரி நஸ்ரியின் முழங்கால் வாதம். நல்ல கறுப்புக் குதிரை. எண்ணெய் போட்டு உருவியதும் காலிலிருந்து இறங்கி, உடம்பை உதறி, வாசலில் கிடந்த செருப்புகளை மிதிக்காமல் வெளியே போனது. பிறகு காய்ச்சல்கள் செந்நிறத்திலும் சளிகள் மட்டக் குதிரைகளாகவும் வந்தன. கிண்ணியாப் பாலத்தில் பஸ்கள் வரிசையாக நின்றன. யாரும் ஹோன் அடிக்கவில்லை. சொந்தக்காரரின் வருத்தம் எது என்று எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு படிவம். பெருநாளுக்கு முந்திய மாதம் சுதேச வைத்தியர்களைப் பதிய வந்த உத்தியோகத்தர் ஸஜ்ஜாத், பள்ளிக்கூடத்தில் தமிழுக்குத் திறமைச் சித்தி எடுத்தவர். அந்தப் பெருமை இன்னும் இறங்கவில்லை. 'பரியாரி' என்று கண்டதும், பரி என்றால் குதிரை என்று தானே முடிவுகட்டி, 'குதிரை வைத்தியர்' என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். மனிதருக்கு வைத்தியம் பார்த்தால் வீட்டைப் பூட்டுவோம் என்று கடிதமும் வந்தது. முப்பது வருடம் மனிதரைத் தொட்ட கை அது. ஜெஸீமா குசினிக்குள் போய் அழுதார். பாவம், வேறென்ன செய்வார்? ஆனாலும் பெருநாளுக்கு மறுநாள் நஸ்ரி நொண்டிக்கொண்டு வந்தபோது மறுக்க ஏலவில்லை.

குதிரைகள் வந்த பிறகு, இதுவும் குதிரை வைத்தியம்தானே என்று சட்டம் வாயடைத்துப் போனது. ஆனால் ஜெஸீமாவுக்கு அது போதவில்லை. விசாரிக்க வந்த ஸஜ்ஜாத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ராத்தா, குதிரைகளப் பார்க்க வந்தனான்."

"குதிரைய விடுங்க தம்பி. பரிகாரிதான் பரியாரி ஆனது. பரிகரிக்கிறது எண்டா நீக்கிறது. நான் மனிசர்ட வருத்தத்த நீக்கிற ஆள். அத எழுதுங்க."

"அப்ப இந்தக் குதிரையெல்லாம்?"

"நீக்கின வருத்தம் எங்கயாவது போகத்தானே வேணும்?"

ஸஜ்ஜாத் நெற்றியைப் பிடித்தார். பதினொரு வருட ஒற்றைத் தலையிடி. வீட்டைப் பூட்டுவதாக எழுதியவரின் தலை என்றும் பாராமல் ஜெஸீமா கைவைத்தார். வெள்ளைக் குதிரையொன்று வந்து நின்றது. தலை தெளிந்ததும் ஸஜ்ஜாத் பழையதை வெட்டி, 'மனிதரின் வருத்தங்களை நீக்குகிறவர்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். திருகோணமலைக்கு அந்தத் தலையிடியில் ஏறியே போனார்.

படிவம் திருந்தியும் குதிரைகள் நிற்கவில்லை. ஊரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளைகள் தங்கள் போன வருடச் சளியில் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். பரியாரி என்றால் யார் என்று சோதனையில் கேட்டால், 'நீக்குகிறவர்' என்று சரியாக எழுதிவிட்டு, வெளியே கட்டிய குதிரையை அவிழ்க்க ஓடுகிறார்கள்.